சிவப்பில்லாத தாள்

ஜனவரி 8

புத்தாண்டுக்கு ரசல் சார் எல்லா வாத்தியார்களுக்கும் ஒரு டைரி கொடுத்தார். அட்டையில் 'ரசல் இங்கிலீஷ் அகாடமி, வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்' என்று தங்க எழுத்து. உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் ஆங்கிலப் பொன்மொழி. முதல் பொன்மொழியிலேயே பிழை. அச்சுக்குக் கொடுக்குமுன் என்னிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். காட்ட மாட்டார். பிள்ளைகளின் பிழையைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம், முதலாளியின் பிழையை அல்ல.

தமிழில்தான் எழுதப்போகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எழுதியதையே திருத்திக்கொண்டிருப்பேன், ஒரு வரி நகராது.

இன்று புது பேட்ச். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க வந்த நர்சுகள். முதல் பெண் எழுந்து, "மைசெல்ஃப் ஜெனிஷா" என்றாள். அடுத்தவளும் மைசெல்ஃப். மூன்றாமவள், "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றாள். "மத்தியானச் சோறு கிடைக்கலியா மக்ளே, அண்ணன்மாரையா தின்னுக?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் போகட்டும், இனி ஜென்மத்துக்கும் அந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

எங்கள் அகாடமியில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரைத் தாளை நான் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். சிவப்பே படாமல் ஒரு தாள் திரும்பினால் அதைப் பலகையில் குத்துவார்கள், எழுதினவள் எல்லோருக்கும் ரசவடை வாங்கித் தரவேண்டும். என் வகுப்பில் ரசவடை தின்பது அபூர்வம். கண்ணில் பட்ட தப்பை விட்டுவிட்டால் அது பரீட்சை அறையில் போய் அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும். நான் விடுவதில்லை.

ஜனவரி 12

பியூலாவுக்குப் பகல் டூட்டி. என் மனைவி, தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் நர்ஸ். அவளும் இதே பரீட்சையை இரண்டு தடவை எழுதிவிட்டாள். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறுகிறாள், எழுதுவதில் மட்டும் அரை மார்க் குறைகிறது. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி நேர்காணலில் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இங்கிலீஷ் மார்க் வந்தால் போகலாம். ஜூன் வரைக்கும்தான் அந்த இடம் அவளுக்கு.

"ஒய்ஃபையும் நம்ம பேட்ச்ல கொண்டுவந்து இருத்தும் வில்பிரட்" என்று ரசல் சார் இன்றும் சொன்னார். வீட்டில் நான் இருக்கும்போது அவளுக்கு எதற்கு அகாடமி? டூட்டி முடிந்து களைத்து வருகிறவள் பஸ் பிடித்து வெட்டூர்ணிமடம் வேறு வரவேண்டுமா?

குழாய் ஒழுகுகிறது என்று மறுபடியும் சொன்னாள். பார்க்கவேண்டும்.

ஜனவரி 20

பியூலா ஒரு கட்டுரை எழுதித் தந்தாள். வயதானவர்களைப் பிள்ளைகள் பார்ப்பதா, முதியோர் இல்லம் பார்ப்பதா என்று. யோசனை நன்றாக இருந்தது. அவளுக்கு எப்போதும் யோசனை நன்றாகத்தான் இருக்கும்.

நாலைந்து இடத்தில் வட்டம் போட்டேன், போதும் என்று வைத்துவிட்டேன். நிறையச் சிவப்பைப் பார்த்தால் தைரியம் போய்விடும். வகுப்புப் பிள்ளைகள் வேறு, இவள் வேறு.

"இவ்வளவுதானா தப்பு?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்."

"அப்பம் நான் நல்லாத்தான் எழுதுகேன், என்னா?" முகம் அப்படி மலர்ந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 21

சிலிண்டர் வந்தது. சாளை மீன் விலை யானை விலை.

பிப்ரவரி 2

பக்கத்து வீட்டுச் செல்வின் வந்து உட்கார்ந்துவிட்டான். மொபைல் கடை வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லை. இவன் மனைவி ரீனாவும் நர்ஸ், அயர்லாந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. முதலில் தினமும் இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசுவாள். சோறு பொங்கும்போது போனை அரிசி டப்பா மேல் சாய்த்துவைத்துப் பேசுவாள், செல்வின் அதையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இப்பம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடே" என்றான். "அதுவும் சாப்பிட்டியளா, மழை உண்டான்னு கேப்பா. நான் உண்டும்பேன். அம்புட்டுதான்."

"நீ போகவேண்டியதுதானே?"

"முதல்ல நான் போயி பாக்கேன், பொறவு நீங்க வரலாம்னு சொன்னா. இன்னும் பாத்துட்டே இருக்கா."

சிரித்தான். நானும் சிரித்தேன். பியூலா சட்னி அரைக்கும் சத்தம் நின்றுவிட்டது. அவன் போனபிறகு, "எல்லாரும் ரீனா இல்ல அத்தான்" என்றாள். நான் என்ன கேட்டேன் என்று இதைச் சொல்கிறாள்? அவன் கதையை அவன் சொன்னான், அவளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 15

இன்று பியூலாவின் தாளில் சிவப்பே வைக்கவில்லை. தேறிவிட்டாள், நம்பிக்கை முக்கியம்.

அவள் அகாடமி வழக்கத்தை மறக்காமல் வடசேரிக்குப் போய் ரசவடை வாங்கிவந்தாள். எனக்கு மூன்று, அவளுக்கு ஒன்று. தின்றுகொண்டே வார்டுக் கதை சொன்னாள். ஒரு தாத்தா, மீன்பிடிக்கிறவர், கட்டிலுக்கு நேரே ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் மாத்திரை விழுங்குவாராம். மூடினால் வாயை இறுக்கிக்கொள்வாராம். டாக்டர் ஏசினாலும் கேட்பதில்லை.

"அவிய மகன் துபாய்ல. ஜன்னல் வழியா கடல் தெரியும்னு நினைக்காரு. தெரியாது, அங்க பார்மசிச் சுவருதான் இருக்கு. நான் சொல்லல."

ரசவடை இன்று என்னவோ செரிக்கவில்லை. பருப்பு பழசாக இருக்கும்.

மார்ச் 3

பரீட்சை. திருவனந்தபுரத்துக்கு நானே கூட்டிப்போனேன். வெளியே வந்தவள், "ஒரு தப்பும் இல்லாம எழுதியிருக்கேன், பாத்துக்கிடுங்க" என்று என் கையைப் பிடித்தாள். பஸ் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குத் தலைவலி.

மார்ச் 16

எழுத்தில் மறுபடியும் ஆறரை. ஏழு வேண்டும்.

பியூலா அழவில்லை. புறவாசலில் உட்கார்ந்து சாளை மீனைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். "எங்க தப்பு போச்சு அத்தான்? நீங்க பாத்த தாளு ஒண்ணுலயும் தப்பு இல்லியே" என்றாள்.

"மார்க் போடுகவன் அப்படித்தான் இருப்பான். ஒரு நாள் ஒரு மாதிரி."

"மூணு தடவையும் ஒரே மாதிரி இருக்கானே."

சாயங்காலம் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ஒழுகல் நின்றது. வாஷர் வாங்கி வரும் வழியில் அவளுக்குப் பிச்சிப்பூவும் வாங்கியிருந்தேன். அவள் வைத்துக்கொள்ளவில்லை, மேசையிலேயே கிடந்து வாடிவிட்டது. பாவம், மனசு சரியில்லை அவளுக்கு. எனக்கு இன்று நல்ல தூக்கம் வருகிறது.

மார்ச் 30

பியூலா மே மாதம் கடைசியாக ஒரு தடவை எழுதுகிறாளாம். இதற்குமேல் அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது. "எதுக்கு உடம்பப் போட்டு அலட்டுக, இங்க என்ன குறைச்சல்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே. எட்டு வருஷமாக இந்த வீட்டில் இரண்டே பேர், இருவருக்கும் சம்பளம் வருகிறது, யாருக்கும் கையேந்தவில்லை.

"எனக்குப் போகணும்" என்றாள். "நான் போகமுடியுமான்னு எனக்குத் தெரியணும்."

ஏப்ரல் 4

வகுப்பில் புதுசாக அஜிதா. பியூலாவின் வார்டுதான், அவளுடைய கூட்டுக்காரி. டிசம்பரில் பரீட்சை எழுதுவாளாம், இப்போதே வந்துவிட்டாள். பேசாத பிள்ளை.

ஏப்ரல் 12

அஜிதாவின் முதல் கட்டுரை. அம்மாடி! தாள் முழுக்கச் சிவப்பு. 'ஆல்தோ' என்று தொடங்கினால் 'பட்' போடாமல் முடிக்கத் தெரியவில்லை. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்கிறாள், 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறாள், 'ஒன் ஆஃப் மை பேஷன்ட்' என்கிறாள். முற்றுப்புள்ளி வைக்கவேண்டிய இடத்திலெல்லாம் காற்புள்ளியைப் போட்டு ஓடிக்கொண்டே இருக்கிறாள். நாம் தமிழில் நினைத்துக்கொண்டு எழுதுவதால் வருகிற வினை இது. பியூலாவும் அச்சு அசல் இதே தப்புகள்தான் எழுதுவாள். ஒரே ஆஸ்பத்திரித் தண்ணி.

ஆனால் யோசனை பிரமாதம். ஜன்னலைத் திறந்தால்தான் மாத்திரை தின்னும் ஒரு கிழவரை உதாரணமாகச் சொல்லியிருந்தாள். அந்த வார்டு நர்சுகள் எல்லோருக்கும் அவர்தான் கிடைத்தார் போலிருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். "நல்ல மூளை மக்ளே உனக்கு. இந்த நாலஞ்சு தப்ப விட்டா ஏழு என்ன, அதுக்கு மேலயே வரும். இத்தன நாளா இத உனக்கு ஒருத்தரும் சொல்லித்தரலியா?"

"இல்ல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லித்தராதவன் வாத்தியாரா? சவம்" என்றேன்.

ஏப்ரல் 13

அஜிதாவைப் பற்றிப் பியூலாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாத்தியார் யாருன்னு கேட்டியளா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

ஏப்ரல் 26

பியூலா இப்போதெல்லாம் தாள் தருவதில்லை. டூட்டி அதிகமாம். நானும் கேட்கவில்லை.

அஜிதா நாளுக்கு ஒரு கட்டுரை கொண்டுவருகிறாள். சொன்னதைப் பிடித்துக்கொள்கிறாள். 'ஆல்தோ' சரியாகிவிட்டது, 'சின்ஸ்' சரியாகிவிட்டது. 'தி' போடும் இடம் மட்டும் இன்னும் தகராறு. எழுத்தில் சரியாக வருகிறாள், நேரில் கேட்டால் முழிக்கிறாள். 'ஃபார்' எப்போது, 'சின்ஸ்' எப்போது என்று நேற்றுக் கேட்டேன், தலையைச் சொறிந்தாள். பயமாக இருக்கும். எழுத்துப் பரீட்சைக்குப் பேச்சு எதற்கு?

இந்தப் பிள்ளை வந்தபிறகுதான் எனக்கு வகுப்புக்குப் போகவே பிடிக்கிறது. நான் கெட்டிக்கார வாத்தியார் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

மே 6

அஜிதாவின் தாளில் இன்று சிவப்பே இல்லை. இரண்டு முறை தேடினேன். தேடித்தேடிப் பார்த்தும் ஒரு தப்பும் இல்லை. பலகையில் நானே குத்தினேன். "ரசவடை எங்க?" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"வாங்கவேண்டியவிய பொறவு வாங்குவாவ" என்றாள் அஜிதா. அழுகிற மாதிரி இருந்தது முகம். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

மே 11

பியூலாவுக்குப் பரீட்சை. நான் வரவேண்டாம் என்றாள், தனியாகவே போய்வந்தாள். எப்படி என்று கேட்டேன். "எழுதியிருக்கேன்" என்றாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மாடித் தொட்டியைக் கழுவினேன். அடியில் ஒரே பாசி.

மே 24

ஏழரை.

நான் வகுப்பு முடிந்து வரும்போது பியூலா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனை என் பக்கம் திருப்பிவைத்தாள். எழுத்தில் ஏழரை. "ஸ்தோத்திரம்" என்றேன்.

மேசையில் அஜிதாவின் தாள்கள் இருந்தன, என் சிவப்போடு. பக்கத்தில் அதே கட்டுரைகள், வரிக்கு வரி அதே, பியூலாவின் கையெழுத்தில். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எல்லாம் நான் எழுதினது. அவ பாத்து எழுதிக் கொண்டுவந்தா. நீங்க திருத்தித் தந்தத எனக்குக் கொண்டுவந்து தருவா. வீட்டுல கிடைக்காதது வெட்டூர்ணிமடத்துல கிடைச்சுது."

"அவசரத்துல என் கண்ணுல படாம..."

"அஜிதான்னு பேர் இருந்தா கண்ணுல படுகு."

உட்கார்ந்தேன். செல்வின் வீட்டில் டிவி ஓடியது. "எப்பம் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"குழாய சரியாக்கினிய பாருங்க, அன்னைக்கு. ஒரு வருஷமா சொல்லுகேன், திரும்பிப் பாக்கல. நான் தோத்து வந்து மீன் கழுவிக்கிட்டு இருக்கேன், நீங்க விசிலடிச்சுக்கிட்டு வாஷர் மாத்துதிய."

நான் விசிலடித்தேனா? எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டிய, என்னா?"

ஆமா என்றேன்.

"ஏன்னு கேக்கமாட்டேன். செல்வின் அண்ணன் வந்துட்டுப் போற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க முகத்தப் பாத்திருக்கேன். போகாத பியூலான்னு வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லியிருக்கலாம். சண்ட போட்டிருப்பேன். ஒருவேள நின்னுகூட இருப்பேன். எனக்கு ஒண்ணுக்கும் வக்கில்லன்னு என்னையே நம்பவச்சிட்டியளே அத்தான். டூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போது நான் மண்டு, நான் மண்டுன்னு சொல்லிக்கிட்டே வந்திருக்கேன்."

அப்போதுதான் அழுதாள். நான் தொடப்போனேன். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போகாத பியூலா" என்றேன். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை. அது உண்மை. அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, அதுவும் உண்மை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டாள்.

மே 26

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 2

பியூலா பெட்டி வாங்கிவந்தாள். எடை பார்க்க என்னைக் கூப்பிட்டாள், பிடித்துக்கொடுத்தேன். மிளகாய்ப்பொடி, புளி, நேந்திரங்காய் சிப்ஸ். இருவரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொள்கிறோம். குடை எடுத்தாச்சா, பால் வந்தாச்சா.

"நானும் வரட்டா?" என்று கேட்டுவிட்டேன். பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"முதல்ல நான் போயி பாக்கேன்" என்றாள்.

ஜூன் 9

ரசல் சார் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைக்கிறாராம், பியூலாவின் படத்தோடு. நம் வாத்தியார் மனைவியே பாஸ் என்றால் ஆள் அள்ளுமாம். அச்சுக்குப் போகுமுன், அதிசயமாக, என்னிடம் திருத்தக் கொடுத்தார். வெள்ளை யூனிஃபாரத்தில் பியூலா சிரிக்கிறாள். கீழே மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம்: 'மை ஹஸ்பண்ட் கரெக்டட் ஆல் மை மிஸ்டேக்ஸ்.' என் தப்புகளையெல்லாம் என் கணவர்தான் திருத்தினார்.

"இது நீங்க எழுதினதா?" என்று கேட்டேன்.

"நான் எழுதினா இவ்வளவு அழகா வருமா வேய்? ரெண்டு வரி சொல்லுங்கன்னு போன்ல கேட்டேன். ஒய்ஃபே சொன்னது. ஒரு வரி போதும்னுட்டா. பாரும், தப்பு கிப்பு இருக்கா?"

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. எழுத்து சரி. காலம் சரி. ஒருமை பன்மை சரி. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. வேறு ஏதாவது போடலாமே சார் என்று சொல்லிப்பார்த்தேன். "அவ்வளவு அடக்கம் ஆகாது" என்று முதுகில் தட்டினார்.

ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 27

இன்று பியூலா போனாள்.

டாக்சியில் பின்சீட்டில் இரண்டு பேரும். செல்வின் வாசலில் நின்று கையாட்டினான். காலையிலேயே அவள் வடசேரியிலிருந்து ரசவடை வாங்கிவந்திருந்தாள். ஒரு பொட்டலத்தை அஜிதாவிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிட்டாள். இன்னொன்றை என் மடியில் வைத்தாள். சூடாக இருந்தது. தின்ன முடியவில்லை.

வெட்டூர்ணிமடம் முக்கில் திரும்பியதும் ஃபிளெக்ஸ் தெரிந்தது. இரண்டு மாடி உயரம். தினமும் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்துக்கு நேரே. பியூலா டிரைவரிடம், "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க" என்றாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி அந்த வரியை முழுக்கப் படித்தாள். உதடு அசைவது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். பழைய நாட்களில் தாளை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அதே பார்வை.

"தப்பு ஒண்ணும் இல்லியே அத்தான்?"

"இல்ல" என்றேன்.

"நல்லாப் பாத்தியளா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

தலையாட்டிக்கொண்டு கண்ணாடியை ஏற்றினாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.